தண்டல் வீட்டு நிறைகுடங்கள்

பிரகாசியை அடக்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடி பாய்மரத் தெருவில் வெறுமையாகக் கிடந்த குடங்கள் எல்லாம் பியானோ வாசித்தன. சாவு விழுந்த வீட்டிலும் அதை ஒட்டிய வீடுகளிலும் பிடித்து வைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். பிரகாசி எல்லா வீட்டுப் பிரசவத்துக்கும் ஓடிப்போய் நின்றவள் என்பதால் அன்று பக்கத்து வீடு, எதிர்வீடு என்று நிற்காமல் தெருக்கோடி வரைக்கும் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். அதனால் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்ட நேரத்தில் வாசலில் கிடந்த பித்தளைக் குடங்களிலிருந்தும் அடுப்படியில் இருந்த மண்பானைகளிலிருந்தும் அந்த வாசிப்பு மெல்ல எழுந்து, பெட்டிக்கு முன்னும் பின்னும் நடந்து வந்தது.

யார் வாசிக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. அது செலஸ்தீனாவின் வாசிப்பு. பிரகாசியின் ஒரே மகள், வியன்னா என்ற ஊரில் பெரிய பெரிய மண்டபங்களில் வாசிக்கிறவள், ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும் அந்தத் தெருவின் காதைப் புண்ணாக்கிப் பழகியவள். இடது கை தோணி மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வலது கை அதன்மேல் நின்று பாடும் அந்தப் படகுப் பாட்டு, மீன் ஆய்கிற பெண்களுக்கும் வலை பின்னுகிற கிழவர்களுக்கும் ஜெபமாலையைப் போலப் பாடமாகியிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்குவதுபோல அவள் கொஞ்சம் தாமதித்துப் போவாள். குடங்களும் அந்த இடத்தில் தாமதித்தன. “செலஸ் வாசிக்கா” என்று சொல்லிவிட்டு, பெண்கள் அழுகையைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு அழுதார்கள்.

பிரகாசியின் புருஷன் சந்தியாகு மட்டும் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அவர். தோணியில் தண்டல் வைத்ததுதான் சட்டம். புயலில் பாய்மரம் முறிந்தபோதுகூட அவர் முகம் அப்படிக் கறுத்துப் பார்த்ததில்லை என்று பெட்டியைத் தூக்கிய ஆட்கள் பிற்பாடு சொன்னார்கள்.

“அவ அம்மா பெட்டியில கெடக்கா. அவ அங்க ஒக்காந்து வாசிக்கா,” என்றார்.

“அண்ணே, அவ எப்படி வந்து சேருவா? சேதி போனதே நேத்துத்தான,” என்றாள் பக்கத்து வீட்டு தஸ்நேவிஸ்.

“வர முடியாதுல்லா? சரி. வாசிக்காம இருக்க முடியும்லா?”

அம்மாவுக்கு மண் அள்ளிப்போட வர முடியாத ஒருத்தி, கையில் இருந்த ஒரே பொருளை அள்ளிப் போட்டாள் என்று இப்போது சொல்லலாம். வெயிலில் நிற்கிற மனிதனிடம் அன்று அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சந்தியாகு அழவில்லை, உட்காரவில்லை. இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார், குழாயில் காற்றுத்தான் வந்தது, ஊருக்கு வெளியே பனங்காட்டுக் கிணற்றுக்கு நடந்தார், இறைத்தார், சுமந்தார், திரும்பவும் நடந்தார். பொழுது விடிவதற்குள் வீட்டில் இருந்த குடம், பானை, தவலை, அண்டா, பிரகாசி ஆப்ப மாவு கரைக்கிற சட்டி வரைக்கும் தளும்பத் தளும்ப நிறைத்துவிட்டார். நிறைந்த குடம் வாசிக்கவில்லை. அந்த வீடு அமைதியானது.

அதற்கு அடுத்த வாரம் பங்கு சாமியார் ஆள் அனுப்பினார். செலஸ்தீனா கோயில் போனில் பேசியிருக்கிறாள், எப்போது வரட்டும் என்று கேட்கிறாள் என்றார்.

“வர வேண்டாம்னு சொல்லிருங்க சாமி,” என்றார் சந்தியாகு. “நான் கூப்பிடாம இந்த வாசலை மிதிக்க வேண்டாம்.”

அவளும் வரவில்லை. அவளும் சந்தியாகு பெற்ற பிள்ளைதானே. வராதே என்றால் வராமல் இருந்து காட்டுகிற பிடிவாதம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

இத்தனைக்கும் அவள் வாசித்துப் பழகிய பியானோவைக் கொண்டுவந்தவரே அவர்தான். கொழும்பிலிருந்து தேயிலை ஏற்றி வந்த ஒரு நடையில், யாரோ ஒரு துரை விட்டுப்போன அந்தப் பெட்டியும் வந்தது. எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் துறைமுகத்துக்கு வரவே இல்லை. தார்ப்பாய் மூடி வெயிலில் கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மடத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தி வந்து சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அந்தப் படகுப் பாட்டில் இடது கை இடறி இடறி நின்று அழும்போது, குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிற சந்தியாகு, பியானோவின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் அறைந்து, பாய் ஏற்றும்போது ஆட்களுக்குக் கொடுக்கிற தாளத்தைக் கொடுப்பார். “ஏத்து… தாங்கு… ஏத்து… தாங்கு… கையப் பாக்காத, அலையப் பாரு.” அவள் இடது கை எழுந்து நடக்கும். “இத எழுதினவன் ஒரு நாளாவது தோணியில படுத்துத் தூங்கியிருக்கணும்” என்பார். அவளை வியன்னாவுக்கு அனுப்ப ரயிலேற்றிவிட்ட அன்று எழும்பூர் வரைக்கும் கூடவே போய், திரும்பி வந்து, பார்க்கிறவரிடமெல்லாம் மகளைப் பற்றியே பேசித் தெருவை ஒரு வருஷம் பாடாய்ப் படுத்தியவர் அவர்.

இப்போது அந்தப் பியானோவின்மேல் பழைய பாய்த்துணியைப் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய மண்பானை நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். பிரகாசி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பானை அது. வாய் கொஞ்சம் உடைந்திருந்தது. பானை கசிந்து கசிந்து பலகையில் வட்டமாகக் கறை ஏறியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

தெரு அப்படி இருக்கவில்லை. தெரு பழகிக்கொண்டது. ஐரோப்பாவில் கச்சேரி என்றால் இங்கே ஊர் அடங்கிய பிறகு, அமெரிக்காவில் என்றால் பால்காரன் மணியடிக்கும்போது, ஜப்பானில் என்றால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று பிள்ளைகள் பூகோளத்தைக் குடத்திலிருந்தே படித்தன. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும்; ஒவ்வொரு குடத்துக்கும் சண்டை நடக்கும்; அப்படிப்பட்ட ஊரில் அந்தத் தெருப் பெண்கள் மட்டும் வீட்டுக்கு ஒரு குடத்தை வெறும் குடமாகவே திருப்பிக் கொண்டுபோனார்கள். “அது செலசுக்கு” என்பார்கள். மற்ற தெருக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பித்தளையில் வலது கை மட்டும்தான் கேட்டது, மண்பானையில் இடது கை மட்டும்தான் கேட்டது. எவர்சில்வர் குடம் எல்லாவற்றையும் கொஞ்சம் கீச்சென்று சொன்னது. பிளாஸ்டிக் குடம் வந்து ஊரெல்லாம் பச்சையும் சிவப்புமாக நிறைந்த காலத்திலும் அது ஒன்றும் சொல்லாது என்பதால் பாய்மரத் தெருவில் அதற்கு மதிப்பில்லை. முழுப் பாட்டையும் கேட்கப் பித்தளையும் மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் எல்லார் வீட்டிலும் இருக்குமா? அதனால் வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள்கூடக் கச்சேரி அன்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்கள், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. குடத்தின் வாயைத் துணியால் கட்டிப் பார்த்தாலும், கவிழ்த்துப் பார்த்தாலும் வாசிப்பு நிற்கவில்லை. தண்ணீருக்குத்தான் அது அடங்கியது. இது ஆண்டவர் செய்த புதுமையா என்று கேட்டதற்குப் பங்கு சாமியார் நெடுநேரம் யோசித்து, புதுமையோ இல்லையோ, பூசை நேரத்தில் குடத்தைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார்.

தெரு ஒரு தப்பும் செய்தது. குடத்தில் பியானோ மட்டும்தான் வந்தது, மண்டபத்துக் கைதட்டல் வரவில்லை. பாட்டு முடிந்ததும் வெறும் மௌனம். “பிள்ள உயிரக் கொடுத்து வாசிக்கா, ஒரு பய தட்ட மாட்டேங்கானே! கல் நெஞ்சுக்காரனுவ” என்று தஸ்நேவிஸுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டவே தெரியாதவர்கள் என்று தெரு முடிவுகட்டியது. அந்தக் குறையைத் தானே தீர்ப்பது என்றும் முடிவுகட்டியது. அன்றிலிருந்து குடம் எப்போது ஓய்ந்தாலும் தெரு கைதட்டியது. பாட்டு முடிந்து ஓய்ந்ததா, ஒரு பகுதி முடிந்து மூச்சு விடுகிறதா என்ற வித்தியாசமெல்லாம் தெருவுக்குக் கிடையாது. மனம் விட்டுத் தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள்.

கப்பலில் வேலை பார்த்த ரொட்ரிகோ ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கி, கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு செலஸ்தீனாவின் கச்சேரிக்குப் போனான். திரும்பி வந்து தெருமுனையில் நின்று சொன்னான்.

“அங்க மண்டபமே இடிஞ்சு விழுத மாதிரி தட்டுதானுவ. ஆனா பாட்டுக்கு நடுவுல தட்ட மாட்டானுவ, அது மரியாதை இல்லையாம். அந்த நேரத்துல செலஸ் அக்கா என்ன செய்யுதுன்னா, பியானோ பலகையில காத வச்சுக் கேக்குது. லேசாச் சிரிக்குது. அப்புறந்தான் அடுத்ததத் தொடங்குது. அது அவுகளோட தனிப் பழக்கம்னு பேப்பர்காரனுவ எழுதுதானுவளாம்.”

தங்கள் கைதட்டல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதைக் கேட்டுத் தஸ்நேவிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்சம் தள்ளி, தலையில் தண்ணீர்க் குடத்தோடு சந்தியாகு நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பேர் கை அங்கே கேட்கிறது என்றால், ஒரு கை அதில் இல்லை என்பதும் அங்கே கேட்கும். அந்தத் தெருவில் எந்தக் கை யாருடையது என்று தெரியாதவளா அவள்? இத்தனை வருஷமாக ஒவ்வொரு கச்சேரியிலும் பலகையில் காது வைத்து அவள் தேடியது எதை என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் போயிருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காகத் தண்ணீர் சுமந்து வளர்த்த கோபம், அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. குடம் தளும்பாமல் வீட்டுக்கு நடந்தார்.

பிறகு அவள் கை தளர ஆரம்பித்தது. உலகத்தில் அதை முதலில் கேட்டவர்கள் பாய்மரத் தெருவில் மண்பானை வைத்திருந்தவர்கள்தான். இடது கையின் மோதிர விரல் இறங்குகிற இடத்தில் ஒரு வழுக்கல். அடுத்த வருஷம் அந்த விரலுக்குப் பக்கத்து விரலும் கனத்தது. “பானையில வெடிப்பு விழுந்திருக்கும்” என்று சொல்லிப் பானையை மாற்றிப் பார்த்தார்கள். வெடிப்பு பானையில் இல்லை.

மழை பொய்த்த வருஷம் அது. தாமிரபரணியில் மணல்தான் ஓடியது, குழாய்கள் துரு கக்கின, லாரித் தண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை. பனங்காட்டுக் கிணற்றிலும் அடி தெரிந்தது. தெருவில் எல்லாக் குடங்களும் காலி. நிறைந்திருந்தது ஒரே வீடு.

யாரும் அந்த வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. சந்தியாகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நாக்கு வறண்ட பிள்ளைகளை அவர் வீட்டைத் தாண்டித்தான் இழுத்துக்கொண்டு போனார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பொறுக்க முடியாமல் தஸ்நேவிஸைக் கூப்பிட்டார். அவள் மருமகள் பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு ஏன்மா கேக்காம இருக்க? நான் குடுக்க மாட்டேன்னா நெனச்ச?”

“குடுப்பீய. அதான் கேக்கல.” அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “ஒங்க குடத்துல இருக்கது தண்ணி மட்டுமாண்ணே?”

சந்தியாகு எழுந்து உள்ளே போனார். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டில் இறக்கினார். “குடம் இங்கயே கெடக்கட்டும். அப்புறமா வாங்கிக்கிடுதேன்” என்றார். வெறும் குடம் வீட்டுக்கு வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அடுத்து எதிர்வீட்டுக்கு. அடுத்து ரொட்ரிகோவின் வீட்டுக்கு. இடுப்பு வளைந்த கிழவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே சுமந்துகொண்டு போனார். பெண்கள் ஓடிவந்து வாங்கினால் திட்டினார். தவலை போனது, அண்டா போனது, பிரகாசியின் ஆப்பச் சட்டியும் போனது. வீடு வெறுமையாகி, கூடத்தில் பியானோவும் அதன்மேல் அந்த மண்பானையும் மட்டும் மிஞ்சின.

ரொட்ரிகோ வாசல்படி ஏறி நின்றான். அவன் கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, சொல்ல வேண்டாம்னுதான் நெனச்சேன். இன்னைக்கு ஜப்பான்ல வாசிக்காவ. இதோட நிறுத்துதாவளாம். கை இனிமே ஒத்துக்கிடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம்.”

“எந்தக் கை?”

“இடது.”

அவன் போன பிறகு பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளை அழுதது, தொண்டை வறண்ட அழுகை. காலையில் கொடுத்த குடம் அதற்குள் தீர்ந்திருக்க வேண்டும். வீட்டில் அத்தனை பேர். தஸ்நேவிஸ் கேட்கமாட்டாள். சந்தியாகு சுவர் ஓரமாகப் போய், “ஏத்தா, பாத்திரத்தக் கொண்டா” என்று குரல் கொடுத்தார். மண்பானையைச் சுமந்துபோக முடியாது, வாய் உடைந்த பழம்பானை, தூக்கினால் கையோடு வந்துவிடும். அவள் ஏந்திய பாத்திரத்தில் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினார். கடைசியில் பானையைச் சாய்த்துப் பிடித்து, பிரகாசியின் முகத்தைத் துடைப்பதுபோல அதன் உள்பக்கத்தைத் துண்டால் துடைத்து, அந்தத் துண்டையும் பிள்ளையின் உதட்டுக்குப் பிழியச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

வெளியே போய்விடலாம் என்றுதான் செருப்பில் கால் நுழைத்தார். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது. பானை வாசிக்கத் தொடங்கியது.

அவரால் நகர முடியவில்லை. வலது கை பக்கத்து வீட்டுப் பித்தளைக் குடத்திலிருந்து சுவர் தாண்டி வந்தது, இடது கை அவர் பானையிலிருந்து வந்தது. பத்தொன்பது வயதில் ரயிலேறிய பிள்ளை இவ்வளவு காலம் எங்கெங்கோ நடந்து, கற்று, தனியாக இருந்து, காத்திருந்து என்னவாக ஆகியிருக்கிறாள் என்பதை அவர் ஒரே மூச்சில் கேட்டார். கடைசியாக அந்தப் படகுப் பாட்டு வந்தது. தோணி ஆடியது. நடுவில் மூச்சு வாங்குகிற அந்த இடம் வந்தது. அவள் தாமதித்தாள். தாமதித்தவள் திரும்ப வரவில்லை. இடது கை ஒரு தடவை தடுமாறி எழுந்து, விழுந்து, நின்றுவிட்டது. துணையில்லாமல் கொஞ்ச தூரம் போன வலது கையும் நின்றது.

தெரு முழுக்கக் குடங்கள் ஓய்ந்தன. எப்போது ஓய்ந்தாலும் தட்டுகிற தெரு அன்று தட்டவில்லை. அங்கே ஆயிரம் பேர் முன்னால் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது இங்கே பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்தது.

சந்தியாகு செருப்பை உதறினார். பாய்த்துணியை இழுத்து எறிந்தார், பானை ஆடி நின்றது. பியானோவின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். மேலே இருந்த வெறும் பானை அதை வாங்கி முழங்கியது.

“ஏத்து…” என்றார். “தாங்கு… ஏத்து… தாங்கு… கையப் பாக்காதட்டி, அலையப் பாரு…”

அவர் அறைந்துகொண்டே இருந்தார். பிறகு வலது கை தொடங்கியது. இடது கை வரவில்லை. அது வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் இடத்தில் அவர் கை ஆடியது. தெருவில் ஒருவர் பின் ஒருவராக மண்பானையைத் தட்ட ஆரம்பித்தார்கள், பாய் ஏற்றும் தாளத்தில், அவருக்குக் கொஞ்சம் பின்னால், தண்டலின் ஆட்களைப் போல. மகள் அதன்மேல் நின்று பாடினாள். பாட்டைக் கரை சேர்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

உள்ளங்கை சிவந்து எரிய அவர் பலகையில் நெற்றியைச் சாய்த்தார். பானைக்குள் ஏதோ உரசியது. பியானோவைத் தவிர வேறெதையும் கொண்டுவந்திராத அந்தப் பானைக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, பலகையில் வாயை வைத்துப் பேசுகிற ஒரு பெண்ணின் குரல், பாய்மரத் தெருவின் பேச்சு ஒரு எழுத்தும் மாறாமல்.

“அப்பா… பானை வெறும் பானையா சத்தம் குடுக்கே. ஊர்ல தண்ணி வரலியா?”

சந்தியாகு பானையின் உடைந்த வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“வரலம்மா,” என்றார். “நீ எப்ப வார?”